ராத்திரி ஒன்றும் சாப்பிடாத அம்மாவுக்குக் காலையில் சீனி ஏறுவது எப்படி?

சுங்கைப் பையன்
நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். அம்மாவுக்கு 63 வயது, இனிப்புநீர் (சர்க்கரை நோய்) வந்து ஆறு வருடம் ஆகிறது. அரசு கிளினிக்கில் கொடுக்கும் மெட்ஃபோர்மினும் கிளிக்லசைடும்தான், ஊசி இல்லை. ராத்திரி படுக்கும்போது மீட்டரில் 7.1 mmol/L. காலை ஆறரைக்கு, பசியாறுவதற்கு முன்னால் குத்திப் பார்த்தால் 9.4. ஒரு வாரமாக இதே கதை. அண்ணி என்னவென்றால் "அத்தை ராத்திரி எழுந்து பிஸ்கட் டின்னைத் திறக்கிறாங்க" என்கிறார், அம்மா சாமி மேல் சத்தியம் பண்ணுகிறார், இரண்டு நாளாக வீட்டில் பேச்சே இல்லை. தூங்குகிறவருக்குச் சீனி எங்கிருந்து வரும்?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி
நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், முதலில் அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். அந்தச் சீனி டின்னிலிருந்து வரவில்லை, அவருடைய கல்லீரலிலிருந்தே வந்திருக்கலாம்.

நாம் தூங்கினாலும் மூளை தூங்காது, அதற்கு ராத்திரி முழுக்கக் குளுக்கோஸ் வேண்டும். கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்து விடும், புதிதாகவும் செய்யும். விடியப்போகும் நேரத்தில் இது கூடும், காரணம் ஹார்மோன்கள். சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறதே அட்ரினல் சுரப்பி, அதிலிருந்து வரும் கார்டிசோல் நடுராத்திரியில் அடங்கிக் கிடந்து, விடியலை நோக்கி ஏறி, விழித்த கொஞ்ச நேரத்தில் உச்சத்துக்குப் போகும். தூக்கத்தில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும் இன்சுலினின் வேலையை மந்தமாக்கும். தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் தொழிலாளர் லயத்தில் கதவு கதவாகத் தட்டுவாரே, அந்த மாதிரிதான், 'ஆள் எழப்போகிறார், சீனியை வெளியே எடு' என்று.

இது எல்லாருக்கும் நடக்கிறது. நோய் இல்லாதவருக்குக் கணையம் உடனே இன்சுலினைக் கொஞ்சம் கூட்டி விட்டுச் சமாளித்து விடும், மீட்டரில் தெரியாது. அம்மாவுக்கு அந்தக் கூட்டல் போதவில்லை. டாக்டர்கள் இதை டான் ஃபினாமினன், அதாவது விடியல் நிகழ்வு என்பார்கள்.

லயத்துக்காரன்
எங்க அப்பாவுக்கும் இப்படித்தான். நாற்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், நாலு மணிக்கே எழுந்து பழகிய உடம்பு, அதனால்தான் விடியலில் ஏறுகிறது என்று நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அப்புறம் பார்த்தால் கோலாலம்பூரில் ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்யும் தங்கைக்கும் அதே கூத்து. இன்னொன்று, இந்தியாவில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் 9.4 என்று சொல்லாதீர்கள், சிரிப்பார்கள். அங்கே mg/dL கணக்கு, 18-ஆல் பெருக்கி 169 என்று சொல்லுங்கள், அப்போது பதறுவார்கள்.

குவாலா காங்சார் வாத்தியார்
மிஸ்ஸி சொன்னது சரி, ஆனால் ஒன்று விட்டுப்போயிற்று. கிளிக்லசைடு கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை, சாப்பாடு குறைந்த ராத்திரியில் சீனியை ரொம்பவும் இறக்கி விடலாம். அதனால் விடியற்காலை 3 மணிக்கு ஒரு தடவை குத்திப் பாருங்கள். 4-க்குக் கீழே இருந்தால் கதையே வேறு, உடனே இனிப்பாக ஏதாவது கொடுத்துவிட்டு கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி
ஆமாம் சார், நான் எழுதியிருக்க வேண்டும். தம்பி, நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள். மெட்ஃபோர்மினின் முக்கிய வேலையே கல்லீரலை அடக்குவதுதான், அளவையோ நேரத்தையோ டாக்டர் மாற்றிப் பார்ப்பார். ஒரு வாரக் கணக்கை எழுதிக் கொண்டு போங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் நடந்தாலும் நல்லது.

சுங்கைப் பையன்
3 மணிக்கு 7.3, காலையில் 9.2. டின்னில் அண்ணி ரகசியமாகச் சுற்றி வைத்திருந்த ரப்பர் பேண்ட் அப்படியே இருந்தது. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை. ஆனால் காலையில் அம்மாவுக்கு அவரே தோசை சுட்டுக் கொடுத்தார். இரண்டுதான்.