துபாயிலிருந்தே வெளியூர் கம்பெனி வேலை பார்க்கலாமா? அவசரம்

புதுவரவு:
வணக்கம். துபாய் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. லேப்டாப் வேலை, கம்பெனி இங்கே இல்லை. ஹோட்டல் புக்கிங் வியாழனோடு முடிகிறது. கராமாவில் ஒரு ஸ்டுடியோ பார்த்தேன். ஒரு வருட ஒப்பந்தம், வாடகையை நாலு தவணையாகப் பிரித்து நாலு செக் கொடுக்க வேண்டும் என்கிறார் ஏஜென்ட், இன்றே ரொக்கமாக அட்வான்ஸ் கொடுத்தால்தான் பிடித்து வைப்பாராம். வாட்ஸ்அப்பில் கிளையன்ட்டைக் கூப்பிட்டால் கால் போகவே மாட்டேன் என்கிறது. இந்த ஊர் எனக்குச் சரிப்படுமா?

தேராக்காரன்:
தம்பி, ஊரை இப்போதே எடை போடாதீங்க. ஆகஸ்டில் மெட்ரோவை விட்டு வெளியே கால் வைத்ததும் மூக்குக் கண்ணாடி புகை படிந்த மாதிரி மங்கிவிடும், துடைக்கத் துடைக்க மங்கும். நான் வந்த புதிதில் தேராவில் பெட் ஸ்பேஸ். இரண்டடுக்குக் கட்டில், மறைப்புக்கு ஒரு பெட்ஷீட், ஒருவர் விடிகாலை ஷிப்டுக்கு எழுந்தால் அறையே எழுந்துவிடும். அதையெல்லாம் தாண்டித்தான் நிமிர்ந்தோம்.

ஷார்ஜா அண்ணன்:
கராமா எதற்கு? ஷார்ஜா பக்கம் வாங்க, வாடகை பாதி மிச்சம்.

குசைஸ்வாசி:
தயவுசெய்து வேண்டாம். காலையில் ஷார்ஜாவிலிருந்து துபாய் வரும் அல் இத்திஹாத் ரோட்டில் நின்றால் வாழ்க்கையே வெறுத்துவிடும்.

ஷார்ஜா அண்ணன்:
ஆபீஸே போகாதவருக்கு டிராஃபிக் எதுக்குங்க?

குசைஸ்வாசி:
மனுஷன் வெளியே போக வேண்டாமா? சாலிக் என்கிற ரோடு டோல் பீக் நேரத்தில் 6 திர்ஹாம் ஆகிவிட்டது. தேவா என்கிற கரண்ட், தண்ணீர் பில்லில் வீட்டு வாடகையில் 5% வேறு சேர்ந்து வருகிறது. வரி இல்லாத ஊர் என்று யார் சொன்னது?

கராமா அக்கா:
கேட்டவர் வியாழக்கிழமை தெருவில் நிற்பார், அதைப் பாருங்க. தம்பி, என்ன விசா, சம்பளம் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவே இல்லை. விசிட் விசா என்றால் இங்கே குடியிருப்பவர்களுக்கான எமிரேட்ஸ் ஐடி அட்டை கிடையாது, அது இல்லாமல் செக் புக் கிடைப்பது கஷ்டம், அப்புறம் நாலு செக் எங்கிருந்து கொடுப்பீர்கள்? ஏஜென்டின் ரேரா அட்டையையும் (அரசு கொடுக்கும் புரோக்கர் அட்டை) வீட்டுப் பத்திரத்தையும் பார்க்காமல் ரொக்கம் நீட்டாதீர்கள். மாத வாடகைக்கு ஃபர்னிஷ்டு அறை எடுங்கள். வாட்ஸ்அப் கால் இங்கே தடை, அதற்காக விபிஎன் போட்டு வம்பை விலைக்கு வாங்க வேண்டாம். ஜூமும் டீம்ஸும் வேலை செய்யும், கிளையன்ட்டை அதற்கு வரச் சொல்லுங்கள்.

புதுவரவு:
விசிட் விசாதான் அக்கா. சம்பளம் மாதம் ரூ. 1.8 லட்சம்.

கராமா அக்கா:
வெளியூர் கம்பெனிக்கு வேலை செய்பவர்களுக்கென்று ஒரு வருட விசா இருக்கிறது, ஆனால் மாதம் 3,500 டாலர் வருமானம் காட்ட வேண்டும். அது உங்கள் சம்பளத்துக்கு ஒத்துவராது. இந்த வீட்டை விட்டுவிடுங்கள். விசா முடிவதற்குள் கிளம்பிவிடுங்கள், தாண்டினால் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம். அட்வான்ஸ் ஏதும் கொடுத்துவிட்டீர்களா?