புதுப்பிப்பு: 1,500 வாட் ஹீட்டர் ராடு மெதுவாகச் சூடானதன் காரணம் தெரிந்தது

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. தக்கலை அருகே எங்கள் வீட்டில், 230 வோல்ட், 1,500 வாட் என்று குறிக்கப்பட்ட ராடு வெந்நீர் போட அதிக நேரம் எடுப்பதால் அது பழுதாகிவிட்டதா என்று கேட்டிருந்தேன். ராடு இயங்கும்போதே வோல்டேஜையும் கரண்டையும் சேர்த்து அளக்கச் சொன்ன யோசனைதான் விடை தந்தது.

எலக்ட்ரீஷியன் அளந்தபோது பிளக் பாயிண்டில் 196 வோல்ட்டும் கிளாம்ப் மீட்டரில் (வயரைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளக்கும் கருவி) 5.55 ஆம்பியரும் காட்டின. 196-ஐ 5.55-ஆல் வகுத்தால் மின்தடை 35.3 ஓம், ராடில் குறித்தபடி 230-இன் வர்க்கத்தை 1,500-ஆல் வகுத்தாலும் அதே அளவுதான் வருகிறது என்பதால் ராடில் குறையில்லை. ஆனால் 196-ஐ 5.55-ஆல் பெருக்கினால் கிடைத்த திறன் 1,088 வாட் மட்டுமே.

எதிர்பாராதது இதுதான்: ராடை அணைத்ததும் அதே இடத்தில் 214 வோல்ட் வந்தது. இடையில் இழந்த 18 வோல்ட்டை 5.55 ஆம்பியரால் பெருக்கினால் 100 வாட். அதில் பெரும்பகுதி வீட்டு வயரிங்கில் வெப்பமாகிக்கொண்டிருந்தது, இது தீப்பிடிக்கக்கூடிய அளவு. மெயினை அணைத்துச் சாக்கெட்டைக் கழற்றியபோது, திருகு தளர்ந்து வயர் முனை கருகியிருந்தது. அதை மாற்றிய பின் 211 வோல்ட், 5.98 ஆம்பியர், ஏறத்தாழ 1,260 வாட் கிடைக்கிறது. மீதிக் குறைவு சப்ளையைச் சார்ந்தது. திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 7% வோல்டேஜ் குறைந்தாலே திறன் ஏறக்குறைய 13.5% குறைகிறது.