பித்தநாளக் கட்டி: அறுவை சிகிச்சைக்குப் பிறகு உங்கள் குழந்தைக்கு எப்படி இருந்தது?

தூக்கம் தொலைத்தவள்

மகளுக்கு அப்போது மூன்று வயது. வயிற்றுவலி, ஸ்கேன், எம்ஆர்சிபி (பித்தநாளங்களைக் காட்டும் எம்ஆர்ஐ படம்), பித்தநாளம் பைபோல வீங்கியிருக்கிறது, கல்லீரலுக்கு வெளியே மட்டும் என்பதால் முதல் வகை என்ற முடிவு எல்லாம் இங்கே எல்லோருக்கும் பழகிய கதை, தாண்டிவிடுகிறேன். வீங்கிய நாளத்தையும் பித்தப்பையையும் எடுத்துவிட்டு, கல்லீரல் நாளத்தைச் சிறுகுடலோடு இணைத்தார்கள்.

நான்காம் நாள் காலை வரை வடிகுழாய்ப் பையில் வெளிர்சிவப்பு நீர்தான். அன்று பச்சை கலந்த மஞ்சள். செவிலியர் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் வெளியே போனார். நடந்து அல்ல, கிட்டத்தட்ட ஓடி. இணைப்பில் பித்தம் கசிகிறது என்று பிறகு சொன்னார்கள். மீண்டும் வயிற்றைத் திறக்கவில்லை. காத்திருந்தோம், பதினோராம் நாள் தானாகவே நின்றது. இப்போது அவளுக்கு எட்டு வயது, நலமாக இருக்கிறாள்.

ஆனால் அந்தக் காலையில் பையைப் பார்த்துவிட்டு, "அம்மா, அது என்னுடையதா?" என்று கேட்டாளே, அதுதான் இன்னும் போகவில்லை.

இரண்டு மாதக் குழந்தையின் அப்பா

எங்களுக்குக் கருவிலேயே ஸ்கேனில் தெரிந்துவிட்டது. பிறந்த பிறகு மலம் வெளுத்தது. இது வெறும் கட்டியா, பித்தநாளமே அடைபட்டுப்போகும் நோயா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அறுவை அறையில் சாயம் செலுத்திப் படம் எடுத்த பிறகுதான் கட்டி என்று தெளிவானது.

ஆறாம் நாள் அணையாடையைப் பிரித்தேன். மஞ்சள்! நல்ல கடுகு மஞ்சள். அதைப் படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினேன். யாரும் பதில் போடவில்லை.

முதலில் எழுதிய சகோதரிக்கு ஒன்று: கசிந்தது என்றால் தையல் சரியில்லை என்று பொருள். நீங்கள் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

பழைய நோயாளி

நான் பெற்றோர் அல்ல, அந்தக் குழந்தையே நான்தான். 1981இல், ஆறு வயதில் செய்தார்கள். கட்டியை எடுக்கவில்லை, அப்படியே குடலோடு இணைத்துவிட்டார்கள். மஞ்சள் காமாலை போனது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். 27 வயதில் குளிர்காய்ச்சல், உடம்பெல்லாம் உதறல், நாளம் முழுக்கக் கல். படத்தைப் பார்த்த மருத்துவர் என்னிடம் பேசவில்லை, பக்கத்திலிருந்தவரிடம், "இது இன்னும் உள்ளேயே இருக்கிறதா?" என்றார். இரண்டாம் முறை வெட்டியெடுத்தார்கள். முதல் சிகிச்சைக்குப் பிறகு உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிப்போனவற்றைப் பிரிக்கவே பாதி நாள் போனதாம்.

இந்த நோய் உள்ள பலருக்குக் கணையநாளமும் பித்தநாளமும் இயல்பான இடத்துக்கு முன்பாகவே சேர்ந்துவிடுகின்றன. கணையநீர் மேலேறி நாளத்தின் சுவரை வருடக்கணக்கில் அரிக்கிறது. அந்தச் சுவரை விட்டுவைத்தால் பின்னாளில் புற்றுநோய் வரலாம் என்பதால்தான் இப்போது முழுதாக எடுக்கிறார்கள். அப்பா அவர்களே, தையலைக் குறை சொல்லும் முன் இதையும் யோசியுங்கள். உங்கள் மகனுக்கு எடுத்துவிட்டார்கள் அல்லவா? அது பெரிய விஷயம்.

கோப்பு அம்மா

என் மகனுக்கு ஐந்து வயதில் நடந்தது, சிக்கல் ஏதும் இல்லை. அவ்வளவுதான் என் கதை.

கசிவைப் பற்றி: குழந்தையின் நாளம் மெலிது, பலமுறை அழற்சி கண்டிருக்கும். கைதேர்ந்தவர் தைத்தாலும் கசியலாம். குடல் இணைப்புக்குப் பிறகு அது அறிந்த சிக்கல்தான், பெரும்பாலும் வடிகுழாய் இருந்தாலே அடங்கிவிடும். இன்னொன்று, வீட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். இணைத்த இடம் வருடங்கள் கழித்தும் சுருங்கலாம். நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணில் மஞ்சள், வெளுத்த மலம், இவற்றில் எது வந்தாலும் அன்றே போக வேண்டும், சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்துக்கொண்டு உட்காரக் கூடாது. பச்சையாக வாந்தி எடுத்து வயிறு உப்பினால் குடல் ஒட்டிக்கொண்டு அடைபட்டிருக்கலாம், அதற்கும் அவசரம்தான். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஸ்கேனும் கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் தவறக் கூடாது. பிள்ளை வளர்ந்த பிறகும் நிறுத்தாதீர்கள். அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்று நகல் வைத்திருக்கிறேன்.

நான்காம் வகை

கோப்பு அம்மா, இங்கே கேட்டது அனுபவம். எங்கள் மகளுக்குக் கல்லீரலுக்குள் இருக்கும் நாளங்களும் விரிந்திருக்கின்றன, எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் நீங்கள் எழுதிய பட்டியல் என் தலைக்குள் தானாகவே ஓடும். நேற்றும் ஓடியது. வெறும் சளி.

முதலில் எழுதிய சகோதரி, அவள் கேட்டதற்கு என்ன பதில் சொன்னீர்கள்?

தூக்கம் தொலைத்தவள்

கோபித்துக்கொள்ளாதீர்கள், நகல் விஷயம் எனக்குப் பயன்பட்டது. குறிப்புகள் வைத்த பழைய பையைத் தேடி எடுத்துவிட்டேன், எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அப்பா அவர்களே, கசிவு அடங்கும் வரை அந்த அறுவை மருத்துவர் தினமும் இரண்டு முறை வந்து பையைப் பார்த்தார். அவரிடம் சண்டை போட எனக்கு மனம் வரவில்லை.

அவளுக்குச் சொன்னது: "ஆமாம், உன்னுடையதுதான். வழி தவறி வந்துவிட்டது." உடனே அவள், "அப்படியென்றால் திருப்பி ஊற்றிவிடுங்கள்" என்றாள்.