புதுப்பிப்பு: கருத்தடை ஆபரேஷனுக்குப் பின் சாப்பிடாத முயல் தேறிவிட்டது

ஆபரேஷன் முடிந்து வந்த எங்கள் ஆண் முயல் ராத்திரி முழுக்கத் தீனி தொடவில்லை, புழுக்கையும் போடவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க.

"வலி இருந்தா தின்னாது, வலி மருந்து கேளுங்க" என்று பொள்ளாச்சி அக்கா சொன்னதுதான் சரி. காலையிலேயே தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் மெலாக்சிகாம் என்ற வலி மருந்து கொடுத்து, ஊறவைத்து அரைத்த தீவனத்தை ஊசியில்லாத சிரிஞ்சில் கடைவாயோரம் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார். மத்தியானம் கொத்தமல்லித் தழை, சாயங்காலம் மாமா காங்கேயத்திலிருந்து கொண்டுவந்த காய்ந்த கொழுக்கட்டைப் புல், அப்புறம் பொடிப்பொடியாய்ப் புழுக்கை. அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவே இல்லை.

எதிர்பாராதது: ஆபரேஷனுக்குப் பிறகும் 4 முதல் 6 வாரம் வரை பெட்டைக்குச் சினை பிடிக்கலாமாம், அதனால் தனித்தனிக் கூண்டு. முயலுக்கு வாந்தி வராது என்பதால் ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பட்டினி போடவும் தேவையில்லையாம், நாங்கள் போட்டுவிட்டோம்.