நெட் அறுந்த நாளில் வந்த பென்டிரைவ்

தேனி கடைக்காரர்:

ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு 30, 40 பென்டிரைவ் வந்து போகும். பழைய கம்ப்யூட்டர், 4 ஜிபி ராம். முன்பிருந்த ஆன்டிவைரஸ் அப்டேட் இறக்க ஆரம்பித்தால், ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்க வந்தவரும் கால் கடுக்க நிற்பார். அதை எடுத்துவிட்டு, விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரிலேயே கிளவுட் பாதுகாப்பை ஆன் செய்தேன். புதிதாக வரும் கோப்பு சந்தேகமாகத் தெரிந்தால் அது மைக்ரோசாஃப்ட் சர்வரைக் கேட்கும். பதில் வரும்வரை, வழக்கமாக 10 வினாடி வரை, கோப்பைத் திறக்க விடாது. நன்றாகத்தான் ஓடியது.

போன மாதம் ஒருநாள் காலையிலேயே ஃபைபர் லைன் அறுந்து நெட் இல்லை. ஒரு கல்லூரி மாணவி புராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்தார். பென்டிரைவைச் செருகினால் எல்லா ஃபோல்டரின் ஓரத்திலும் ஒரு சின்ன அம்புக்குறி, அளவு 1 கேபி. அதாவது நிஜ ஃபோல்டர் அல்ல, வைரஸ் வைத்த ஷார்ட்கட். கூட்ட அவசரத்தில் கவனிக்காமல் ஒன்றைத் திறந்துவிட்டேன். நெட் இல்லாததால் சர்வரைக் கேட்க வழியில்லை, எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அடுத்து வந்தவரின் பென்டிரைவிலும் அதே அம்புக்குறி முளைத்த பிறகுதான் புரிந்தது.

கடையை நிறுத்திவிட்டு, போன் ஹாட்ஸ்பாட் கொடுத்து ஸ்கேன் செய்தேன். மறைந்திருந்த வைரஸ் ஸ்கிரிப்ட்டை உடனே பிடித்துவிட்டது. மாணவியின் கோப்புகள் அழியவில்லை, ஒளிக்கப்பட்டிருந்தன. ஒளிந்த கோப்புகளை வெளியே காட்டும் அட்ரிப் கட்டளை போட்டதும் 82 பக்கமும் திரும்பி வந்தது. அந்தப் பெண் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இரண்டாமவரைப் போனில் கூப்பிட்டு, வீட்டில் செருக வேண்டாம் என்று சொன்னேன். என் கடையிலிருந்து போனது என்பது இன்னும் உறுத்துகிறது.

இப்போதெல்லாம் நெட் போனால் முதலில் ஹாட்ஸ்பாட், அப்புறம்தான் பென்டிரைவ்.

ஆடிட் ஆபீஸ்காரர்:

எங்களுக்கு நேர்ந்தது வேறு மாதிரி. மெயிலில் வந்த ஒரு எக்செல் மேல் சந்தேகப்பட்டு, கூட வேலை செய்பவர் முழுக் கோப்பையும் வைரஸ்டோட்டலில் (பல ஆன்டிவைரஸ்களால் கோப்பைச் சோதித்துச் சொல்லும் இணையதளம்) ஏற்றிவிட்டார். வைரஸ் இல்லை. ஆனால் அது நிஜமான கிளையண்டின் கணக்கு, பான் எண் உட்பட. அங்கே ஏற்றும் கோப்பைப் பணம் கட்டிய பாதுகாப்பு நிறுவனங்கள் இறக்கிப் பார்க்க முடியும். கிளையண்டிடம் போய் உண்மையைச் சொன்னோம்.

இப்போது கோப்பை ஏற்றுவதே இல்லை. விண்டோஸில் கட்டளை போடும் பவர்ஷெல்லில் அதன் எஸ்.ஹெச்.ஏ.-256 ஹாஷ், அதாவது கோப்பின் கைரேகை மாதிரியான குறியீடு எடுத்து, அந்த 64 எழுத்தை மட்டும் வைரஸ்டோட்டலில் தேடுகிறோம். முன்பே யாராவது ஏற்றியிருந்தால் முடிவு வரும். வராவிட்டால் அனுப்பியவருக்கே ஒரு போன்.

தேனி கடைக்காரர்:

இது தெரியாமல் நானும் வாடிக்கையாளர் பத்திரங்களை ஏற்றியிருக்கிறேன். டிஃபெண்டரில் சந்தேகக் கோப்பை மைக்ரோசாஃப்டுக்கு மாதிரியாக அனுப்பும் செட்டிங்கையும் இன்றே பார்த்துவிடுகிறேன்.