ஆச்சி வீட்டுக் குழு: மாருதி கத்துகிறது

காலை 6.42

நான்: (காணொளி, 14 நொடி) பெரியப்பா, அப்பாவின் 2004 மாருதி 800 இது. ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். சஷ்டிக்குத் திருச்செந்தூர் போயாக வேண்டும்.

குறிச்சி அத்தை: பானெட்டுக்குள் பூனைக்குட்டி மாட்டிக்கொண்டதோ என்று பதறிவிட்டேன்.

அம்பை மாமா: வாட்டர் பம்ப் பேரிங். சந்தேகமே வேண்டாம் மருமகனே.

நான்: பெல்ட் மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது மாமா. பட்டறையில் கேட்டால் இன்னொரு பெல்ட் போடச் சொல்கிறார்கள்.

பாளை பெரியப்பா: பட்டறையை விடு. எப்போதெல்லாம் கத்துகிறது? எவ்வளவு நேரம்?

நான்: காலையில் முதல் ஸ்டார்ட்டில் பத்துப் பதினைந்து நொடி. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து அதிகம். ஹெட்லைட் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மறுபடியும் வரும். மத்தியானம் மூச்சே இல்லை.

பாளை பெரியப்பா: அப்படியென்றால் பேரிங் இல்லை தம்பி. பேரிங் போனால் மழை வெயில் பாராமல் உறுமும், பத்து நொடியில் அடங்காது. ஸ்டார்ட் செய்ததில் பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கும். அதை ஈடுகட்ட, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் முக்குகிற நேரம் அது. சுமை தாங்காமல் பெல்ட் வழுக்குகிறது. பேட்டரி தேறியதும் சத்தம் அடங்குகிறது. ஹெட்லைட்டுக்கும் இதே கதைதான்.

குறிச்சி அத்தை: துணி சோப்பைத் தேய்த்தால் நின்றுவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி.

பாளை பெரியப்பா: சத்தம் நிற்கும், வழுக்கல் நிற்காது. ரைஸ் மில் பட்டை பெல்ட்டில் எதையாவது தடவிய காலத்துப் பழக்கம் அது. இந்த பெல்ட்டில்தான் இன்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்பும் சுற்றுகிறது. ஸ்ரீவைகுண்டம் தாண்டி அறுந்தால், குரும்பூர் வருவதற்குள் இன்ஜின் கொதித்துவிடும்.

பாளை பெரியப்பா: இன்ஜின் ஓடும்போது, செடிக்குத் தெளிக்கும் பாட்டிலால் பெல்ட்டின் உள்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் அடி. சத்தம் சட்டென்று நின்று திரும்ப வந்தால், பெல்ட் ஓடும் சக்கரங்கள், அதாவது புல்லிகள், நேர்கோட்டில் இல்லை. கூடினால் தொய்வு.

குறிச்சி அத்தை: தோளில் துண்டோடு குனியாதே!

பாளை பெரியப்பா: அதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

7.05

நான்: கூடுகிறது பெரியப்பா. தெரு நாயெல்லாம் குரைக்கிறது.

அம்பை மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

குறிச்சி அத்தை: என்ன அழித்தீர்கள்?

அம்பை மாமா: பம்ப் விலை விசாரித்து வைத்திருந்தேன்.

பாளை பெரியப்பா: இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிடு. பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் பெருவிரலால் நன்றாக அழுத்து. எவ்வளவு உள்ளே போகிறது?

நான்: இரண்டு சென்டிமீட்டர் இருக்கும்.

பாளை பெரியப்பா: அதில் பாதிகூடப் போகக் கூடாது. பெல்ட்டின் தரத்தில் குறை இல்லை. புது பெல்ட் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் படிந்து தளரும். அப்போது ஒருமுறை இறுக்க வேண்டும், யாரும் செய்யவில்லை. பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளக்கின்றனவா? எண்ணெய்க் கசிவு?

நான்: (படம்) பளபளப்பு இல்லை. எண்ணெயும் இல்லை.

பாளை பெரியப்பா: பிழைத்தது. ஆல்டர்னேட்டரின் கீழே உள்ள போல்ட்டையும், மேலே நீளத் துளைக்குள் இருக்கும் போல்ட்டையும் தளர்த்து. மரக்கட்டையை நெம்புகோலாக வைத்து ஆல்டர்னேட்டரை வெளியே தள்ளிப் பிடித்துக்கொண்டு மேல் போல்ட்டை முடுக்கு. பிறகு கீழ் போல்ட். வீணைத் தந்தி மாதிரி இறுக்கிவிடாதே, அப்புறம் மாமா சொன்ன பேரிங் நிஜமாகவே போய்விடும்.

அம்பை மாமா: 😄

8.20

நான்: முடித்துவிட்டேன். ஹெட்லைட் போட்டும் சத்தம் இல்லை.

பாளை பெரியப்பா: சூடான இன்ஜின் சாட்சி செல்லாது. நாளைக் காலை முதல் ஸ்டார்ட்டில் பார்த்துச் சொல்.

மறுநாள் காலை 6.15

நான்: இரவெல்லாம் மழை. இப்போது ஸ்டார்ட் செய்தேன்.

பாளை பெரியப்பா: சரி, என்ன ஆயிற்று?

குறிச்சி அத்தை: நான் சொல்கிறேன். பால்காரர் மணிச் சத்தம் அடுப்படி வரை கேட்டது. காரில் எனக்கு முன் சீட்.