ஹாரி பர்ன் ஓட்டுக் கணக்கு இடிக்கிறது, யாராவது பார்த்துச் சொல்லுங்களேன்

கேள்வி:
அமெரிக்கப் பெண்களின் ஓட்டுரிமை பற்றி (19ஆவது சட்டத்திருத்தம்) கல்லூரி வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதிக்கொண்டிருக்கிறேன். 1920 ஆகஸ்ட் 18, நாஷ்வில், டென்னசி மாநிலக் கீழ்சபை, திருத்தத்தை ஏற்பதா என்று ஓட்டு. ஒரு குறிப்பில் 48-48, இன்னொன்றில் 49-47, மூன்றாவதில் 50-46. எல்லாம் ஒரே நாளாம்! போதாக்குறைக்கு, அந்தச் சபை உறுப்பினர் பர்ன் எதிர்ப்பு அணியின் சிவப்பு ரோஜாவைக் குத்தியிருந்தார் என்கிறார்கள், அவர் ஓட்டால்தான் ஜெயித்தது என்றும் சொல்கிறார்கள். "24 வயது வக்கீல்" என்று எழுதிவிட்டேன், அதுவாவது சரியா?

பதில் 1:
மூன்று எண்ணுமே சரி தம்பி. 48-48 என்பது திருத்தத்தைக் கிடப்பில் போடலாமா என்ற ஓட்டு. வந்திருந்தவர்கள் 96 பேர், போடலாம் என்ற 48 பேரில் பர்னும் ஒருவர். இரண்டு தடவை எண்ணியும் சமம், அதனால் அந்த முன்மொழிவு தோற்றது. பேங்க்ஸ் டர்னர் என்ற உறுப்பினர் மட்டும் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், ஆனால் அவரை யார் நினைக்கிறார்கள்! அடுத்து திருத்தத்துக்கே ஓட்டு. பர்ன் "ஆம்" என்றார், 49-47.

பதில் 2:
50-46 சபாநாயகர் சேத் வாக்கரின் வேலை. அவர் கடும் எதிர்ப்பாளர், தோற்றதும் தன் ஓட்டை "ஆம்" என்று மாற்றிக்கொண்டார், ஏனென்றால் ஜெயித்த பக்கம் ஓட்டுப் போட்டவர்தான் மறுபரிசீலனை கேட்க முடியும். அந்த இரண்டு ஓட்டுக்கும் நடுவில் மனம் மாறியது பர்ன் மட்டும்தான்.

ரோஜா விஷயமும் பொய் இல்லை. பைக்குள் சொந்த ஊர் நியோட்டாவிலிருந்து அம்மா ஃபெப் எழுதிய ஏழு பக்கக் கடிதம் இருந்தது, வீட்டுச் சேதிகளுக்கு நடுவில் ஓட்டுரிமைக்கு ஆதரவாக நில் என்று. மறுநாள் சபையில் காரணம் சொன்னபோதும் அம்மா பேச்சைக் கேட்பதே பிள்ளைக்கு நல்லது என்றுதான் சொன்னார்.

வக்கீலை மட்டும் அடித்துவிடுங்கள். அவர் வக்கீலானது 1923இல். 1920 நவம்பரிலேயே மறுபடி ஜெயித்தார், 1930இல் ஆளுநர் பதவிக்கு நின்று தோற்றார், 1948இல்தான் மாநில செனட்டுக்குப் போனார்.

கேட்டவர்:
அப்பாடா! வக்கீலை எடுத்துவிட்டேன் அண்ணா. திருத்தம் நிறைவேற அப்போதைய 48 மாநிலங்களில் 36இன் ஒப்புதல் தேவை, டென்னசிதான் 36ஆவது என்பதை முதல் கேள்வியாக வைக்கிறேன். கடைசிக் கேள்வி டர்னர், அதற்கு ஒருத்தரும் பதில் சொல்லமாட்டார்கள் பாருங்கள்.